பச்சைப் புத்தகத்துக் கோல்காரனுக்கு ஒரு பால்குடம்

எனக்குப் பிடித்த புத்தகங்கள் எவை என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நிறுத்திவிட்டேன். கேட்கிறவர்கள் பெரிய பெரிய பெயர்களை எதிர்பார்த்து வருகிறார்கள். நானோ மலாக்காவில் ஒருவரும் கண்ணால் கண்டிராத இரண்டு ஐரிஷ் ஆட்டங்களைப் பற்றிய மூன்று புத்தகங்களைச் சொல்கிறேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, வேறு யாரையாவது கேட்கப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

மூன்றில் ஒன்று சிவப்பு அட்டை, ஒன்று நீலம், ஒன்று பச்சை. பச்சைதான் எனக்கு உயிர். அதற்குக் கடைசிப் பக்கங்கள் கிடையாது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போவது உறுதியானதும் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டத் தொடங்கினார்கள். போகிறவர் வீட்டுச் சாமான்களை லேலோங் விடுவார்கள், அதாவது ஏலம். நாங்கள் இருந்த காஜா பெராங் பக்கம் அந்த வருடம் யார் வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒரு துரையின் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் பின்தெருக்காரர் ஒருவர் துரை குளித்த தொட்டியை வாங்கிவந்து அதில் கெளுத்தி மீன் வளர்த்தார். என் அப்பா வாங்கியது கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி.

அப்பா பொதுப்பணித் துறை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அலமாரி அவருடைய மேலதிகாரியான எஞ்சினியருடையது. ஐரிஷ்காரர், நெட்டையர், முன்கோபி. பங்களாவைக் காலி செய்துவிட்டாலும், கட்டிக்கொண்டிருந்த ஒரு பாலம் முடியும்வரை கடற்கரை ரெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். தான் ஆங்கிலேயன் இல்லை என்று அவர் ஆபீசில் அடிக்கடி சொல்வாராம். அப்பாவுக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை. அதிகாரியின் அலமாரி தன் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது என்பதே அவருக்குப் போதுமான புகழ்.

அலமாரிக்குள் மூன்று புத்தகங்கள் கிடந்தன. ஏலத்தில் யாரும் கேட்காததால் அலமாரியோடு சேர்ந்து வந்துவிட்டன. அம்மாவுக்கு அந்த இடத்தில் ஊறுகாய் ஜாடிகளை வைக்க ஆசை.

"புத்தகம் அப்படியே இருக்கட்டும். கண்ணாடிக்குள்ள புத்தகம் இருந்தாதான் வர்றவனுக்கு ஒரு மரியாதை வரும்," என்றார் அப்பா.

"வர்றவனுக்கு நல்ல காப்பி கொடுத்தா போதும்லா. மரியாதை தன்னால வரும்," என்றார் அம்மா.

நான் அப்போது பள்ளிக்கூடப் பெரிய பரீட்சையை எழுதிவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் அம்மாவின் கை சும்மா இருக்காது. உடனே ஒரு முறம் அரிசியைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடும். கையில் புத்தகம் இருந்தால் மட்டும் வைக்காது. ஆகவே புத்தகத்தை எடுத்தேன். ஐரிஷ் ஆட்டங்கள்மேல் எனக்கு வந்த காதலின் பிறப்பு இவ்வளவுதான்.

சிவப்புப் புத்தகம் அவர்கள் ஊர்க் கால்பந்தைப் பற்றியது. பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தலாம், கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு ஓடலாம், பிறகு உதைக்கலாம். அப்பா ஞாயிறு தவறாமல் திடலுக்குப் போய்க் கால்பந்து பார்ப்பவர். நான் இதை வாசித்துக் காட்டியதும் அவருக்கு வியர்த்துவிட்டது. "எல்லாமே ஃபவுலு! இவனுங்க பாலம் கட்டி நான் அதுமேல நடக்கணுமா?" என்றார்.

நீலப் புத்தகம் மட்டையாட்டத்தைப் பற்றியது. நுனியில் தட்டையாக அகன்று வளைந்த மரமட்டை. தோல் தைத்த சின்னப் பந்து. ஹாக்கிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், குடித்துவிட்டு வந்த அண்ணன். பந்து தரையில் உருண்டாலும் அடிக்கலாம், தலைக்கு மேலே பறந்தாலும் அடிக்கலாம். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே, கம்பத்தைக் காக்கும் கோல்காரனைத் தாண்டிப் போனால் மூன்று புள்ளி. மட்டையை எப்படிப் பிடிப்பது, ஓடும்போது அதன் நுனியில் பந்தை எப்படி ஏந்திப்போவது என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படத்தைப் பார்த்தால் எனக்குக் கை ஊறும். கொல்லையில் கிடந்த ஒரு மரச்சட்டத்தையும் ஒரு காய்ந்த எலுமிச்சையையும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் பக்கத்தில் சொன்னபடி நின்று, நான்காம் பக்கத்தில் சொன்னபடி வீசினேன். அப்படிப் போகும் என்று எந்தப் பக்கத்திலும் சொல்லவில்லை. எலுமிச்சை வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த கெரோப்போக் அப்பளத் தட்டில் போய் விழுந்தது.

பக்கத்து வீடு மாக்சிக்குடையது. மலாயில் மாக்சிக் என்றால் சின்னம்மா மாதிரி. செட்டிக் குடும்பம். நூற்றாண்டுகளுக்கு முன்னே மலாக்காவுக்கு வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர்களின் வழி. எங்களைப் போலவே திருநீறு பூசுவார், மாரியம்மனைக் கும்பிடுவார். உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். சாமி பெயரும் சில உறவுப் பெயரும் தவிர அவர் வாயில் தமிழ் கிடையாது. அவரிடம் நான் மலாயில்தான் பேசுவேன். இங்கே அவர் பேச்சைத் தமிழாக்கித் தருகிறேன். அவர் குரலில் இருந்த காரத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

எலுமிச்சையும் கையுமாக வேலியோரம் வந்தார். "எட்டு அப்பளம் உடைஞ்சிருக்கு. எந்தப் பேய் பிடிச்சுது உனக்கு?"

நான் நீலப் புத்தகத்தைக் காட்டினேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிய ஆண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு ஒருவன் மண்டையை ஒருவன் குறிபார்த்து மட்டை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். "அலாமாக்!" என்று கன்னத்தில் கை வைத்தார். பிறகு தணிந்த குரலில், "இவனுங்க கதை ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்தது. பச்சைப் புத்தகம்.

அது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. அவருடைய ஊர்க் குழு ஒரே ஒரு வருடம் மட்டையாட்டத்தில் இறுதி ஆட்டம்வரை போன கதை. ஐரிஷ் ஆட்டங்களைப் பற்றி எத்தனை புத்தகம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது, ஆனால் இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். வாத்தியாருக்குத் தன் ஊர்க்காரன் ஒவ்வொருவனும் வீரன், எதிர் ஊர்க்காரன் ஒவ்வொருவனும் திருடன். மழையையும் நடுவரையும் கூட அவர் விட்டுவைக்கவில்லை. அப்படி ஒரு பாரபட்சத்தோடு எழுதினால்தான் ஆட்டம் கண்ணில் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மாக்சிக் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து வாரத்துக்கு ஓர் அத்தியாயம் சொன்னேன். நான் இங்கிலீஷைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொல்ல, மாக்சிக் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். கூலி ஒரு தட்டு குவே, மலாய்ப் பலகாரம். எந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரத் தட்டு பெரிதாகும் என்பது எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. நானும் முன்னால் புரட்டிப் படிக்கவில்லை. படித்தால் முகத்தில் தெரிந்துவிடும். மாக்சிக் முகம் பார்ப்பதில் போலீஸ்காரர்.

கதையில் மாக்சிக்குப் பிடித்தவன் கோல்காரன். ரொட்டிக் கடையில் வேலை செய்யும் பையன், விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. அரையிறுதி ஆட்டத்தில் மட்டை பட்டு அவன் மண்டை பிளந்தது. இன்னொரு அடி பட்டால் உயிர் போய்விடும், இனி ஆடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தாய் அவன் மட்டையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். இறுதி ஆட்டத்தன்று காலையில் பையன் ஜன்னல் வழியே குதித்து, இரவல் மட்டையோடு, தலையில் கட்டோடு, கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றுவிட்டான். ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிர் ஊர்க் குழுவின் நெட்டை ஆள் ஒருவன் பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு தனியாக அவனை நோக்கி ஓடிவருகிறான்.

நான் புத்தகத்தை மூடினேன். "மீதி அடுத்த வெள்ளி."

மாக்சிக் வெங்காயக் கத்தியை நீட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அடுத்த வெள்ளி போனபோது அந்த வீட்டில் ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, மீன் வாசம் இல்லை. மாக்சிக் வீட்டில் மீன் வாசம் இல்லையென்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். மாக்சிக்கின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"யாருக்கு என்ன?" என்றேன்.

"அந்தப் பையனுக்கு. அம்மன்கிட்ட சொல்லிட்டேன். அவன் உயிரோட களத்தை விட்டு இறங்கினா இந்தத் திருவிழாவுல அவளுக்குப் பால்குடம். அதுவரைக்கும் மீன் இல்லை, கறி இல்லை."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "மாக்சிக், இது முப்பது வருசத்துக்கு முன்னாடி நடந்தது. அவன் அன்னைக்கே பிழைச்சிருப்பான், இல்லைன்னா அன்னைக்கே செத்திருப்பான். இப்ப போய் வேண்டிக்கிட்டா?"

மாக்சிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குப் போன வாரம்தானே தெரியும்? தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன். அம்மன் என்ன காலண்டர் பார்த்தா வேலை செய்யுறா?"

நான் எழுதிய பெரிய பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லை. "சரி, இதோ இப்பவே தெரிஞ்சுடும்," என்று சொல்லிக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன்.

பின் அட்டை கையோடு வந்தது. அதற்கும் முந்தின அத்தியாயத்துக்கும் நடுவே பழுப்புத் தூள் மட்டும் இருந்தது. துரை வீட்டுக் கரையான் முன்னட்டையிலிருந்து தொடங்கியிருக்கக் கூடாதா? பின்பக்கமாக வந்து முடிவை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. தூள் மாக்சிக்கின் மடியில் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. ஏதோ அதில் எழுத்து இருக்கிறதா என்பதைப்போல விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இதில் முதலில் அவதிப்பட்டவர் அவர் கணவர், எங்களுக்குப் பாக்சிக். பாக்சிக் மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு தின்று பழகாதவர். பத்து நாள் கத்தரிக்காயைப் பார்த்ததும் மனிதர் முகமே கத்தரிக்காயாகிவிட்டது. ஒரு சாயங்காலம் பாசார் சந்தையிலிருந்து வேகமாகச் சைக்கிளில் வந்து, வாசலிலேயே நின்று, "பிழைச்சிட்டானாம்! பையன் பிழைச்சிட்டானாம்! ஒரு வெள்ளைக்காரன் சொன்னான்!" என்று கத்தினார்.

"எந்த வெள்ளைக்காரன்?" உள்ளேயிருந்து மாக்சிக்.

"அவன்தான்... வெள்ளையா... உயரமா..."

"எந்த பாஷையில சொன்னான்?"

பாக்சிக்குக் குட் மார்னிங் தவிர இங்கிலீஷ் தெரியாது. அன்றைக்கும் கத்தரிக்காய்தான்.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாள் மெதுவாகச் சொன்னேன், "மாக்சிக், விட்டுடுங்க. முடிவே தெரியலைன்னா அம்மன் கோவிச்சுக்க மாட்டா. இல்லைன்னா சும்மா ஒரு குடம் எடுத்துடுங்க, என்ன போச்சு?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"ஜப்பான்காரன் காலத்துல என் தம்பியைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கூட்டிட்டுப் போனான். திரும்பி வந்தா குடம் எடுக்கிறேன்னு சொன்னேன். வந்தானா? வரலை. செத்தானா? பார்த்தவன் யாரும் இல்லை. செத்தவனுக்குக் குடம் எடுக்க முடியாது. உயிரோட இருக்கிறவனுக்கு எடுக்காம விடவும் முடியாது. ஒவ்வொரு வருசமும் மத்தவங்க குடம் எடுக்கும்போது நான் ஓரமா நிக்கிறேன். இன்னொரு பையனுக்கும் அப்படி நிக்க என்னால முடியாது, நோங்."

நோங் என்றால் கண்ணே, குட்டி என்பது மாதிரி. என்னை அதற்குமுன் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. குவேக்காக அத்தியாயம் அத்தியாயமாக இழுத்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கதைக்கு நடுவில் இவர் இப்படி ஒரு சுமையோடு உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முடிவு தெரிந்த ஆள் மலாக்காவில் ஒருவர்தான் இருக்க முடியும். அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"என்னா? என் எஞ்சினியர்கிட்ட போய், உங்க பந்தாட்டக்காரன் பிழைச்சானா, எங்க பக்கத்து வீட்டம்மா மீன் சாப்பிடணும்னு கேக்கப் போறியா? நான் அப்புறம் ஆபீசுக்குப் போக வேணாமா?"

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "நீங்க ஆபீசுக்குப் போங்க. அவளும் போகட்டும். ஊர்ல பாதை ரெண்டு பேருக்கும் அகலமாதான் இருக்கு," என்றார். சாமி காரியம் என்றால் அம்மா யார் பேச்சையும் கேட்க மாட்டார். மறுநாள் என் தலையைத் தானே பின்னிவிட்டார்.

மாக்சிக் தன் நல்ல கெபாயாவை உடுத்து, வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு தட்டு நிறைய ஓண்டே ஓண்டேவும் நீட்டு நீட்டாக வெட்டிய குவேக்களும் எடுத்துக்கொண்டார். ஓண்டே ஓண்டே என்பது உள்ளே வெல்லம் வைத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை உருண்டை. அந்த உருண்டைக்குக் கதையில் வேலை இருக்கிறது.

எஞ்சினியர் ரெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் பாலத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பெண்பிள்ளைகள் படியேறி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"உங்கள் அலமாரி எங்கள் வீட்டில் இருக்கிறது," என்றேன், இங்கிலீஷில். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

"திருப்பித் தர வந்தீர்களா?"

"இல்லை. அதிலிருந்த பச்சைப் புத்தகத்தில் கரையான் முடிவைத் தின்றுவிட்டது. அந்தக் கோல்காரப் பையன் பிழைத்தானா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுவரை போனது. "அந்தப் பொய்யன் எழுதிய புத்தகமா? கரையான் முழுவதையும் தின்றிருக்க வேண்டும்! அது கோல். சந்தேகமே இல்லாத கோல்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார், விளக்காமல் விடுகிற ஆளாகவும் இல்லை. எஞ்சினியர் எதிர் ஊர்க்காரர். பந்தை ஏந்திக்கொண்டு தனியாக ஓடிவந்த நெட்டை ஆள் அவர்தான். அந்தப் புத்தகத்தை வாங்கிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது, வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் படித்துக் கோபப்படுவதற்கு.

மாக்சிக் கொண்டுவந்த தட்டை இழுத்து, இரண்டு நீட்டுக் குவேயை வரைபடத்தின்மேல் கம்பங்களாக நட்டார். நடுவே பென்சிலைக் கோடாகப் போட்டார். ஓர் ஓண்டே ஓண்டேதான் பந்து. "நான் இங்கே. அவன் அங்கே. அடித்தேன். அவன் மட்டை தவறிவிட்டது. நெஞ்சால் விழுந்து பிடித்தான். எங்கே பிடித்தான்? இங்கே!" உருண்டையைப் பென்சிலுக்கு அப்பால் வைத்துக் காட்டினார். "பந்து கோட்டைத் தாண்டவில்லை என்கிறார் நடுவர். கண் தெரியாத கிழவன்!" என்று சொல்லிப் பந்தை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். வெல்லம் தாடையில் ஒழுகியது.

மாக்சிக்குப் பொறுக்கவில்லை. என் இடுப்பில் குத்தினார். "என்ன சொல்றான்? பையன் என்ன ஆனான்? கேளு!"

"பையன் பிழைத்தானா?" என்றேன்.

"பிழைத்தானாவா? என் தங்கையைக் கட்டிக்கொண்டான்! ரொட்டிக் கடை இப்போது அவனுடையது. தொப்பை போட்டுவிட்டான்."

நான் சொல்லி முடிக்குமுன் மாக்சிக் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துவிட்டார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை. எஞ்சினியருக்கு அப்போதுதான் விஷயம் தோல்வியைப் பற்றியதல்ல என்று பட்டது. இந்த அம்மாள் ஏன் அழுகிறாள் என்று கேட்டார். நேர்த்தியைச் சொன்னேன். மீனைச் சொன்னேன். அவர் சிரிக்காததால் சயாம் ரயிலில் போன தம்பியையும் சொன்னேன்.

அவர் தாடையிலிருந்த வெல்லத்தைத் துடைத்தார். பிறகு தானாகவே சொன்னார். தங்கை கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, அது கோல்தானே, என்னிடமாவது உண்மையைச் சொல் என்று கேட்டாராம். இல்லை என்றானாம். அதோடு பேச்சு நின்றது. லீவில் ஊருக்குப் போனாலும் தங்கை வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நம்மவர்கள் வேலிக்கும் வரப்புக்கும் அண்ணன் தம்பியோடு பேசாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டுக்காக மச்சானோடு பேசாமல் இருந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாக்சிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. யாருக்காக நேர்ந்துக்கிட்டமோ அவன் வீட்டு ஆள் ஒருத்தன்தான் குடத்தைத் தூக்கித் தலையில வைக்கணும். அவன் கட்டின பொண்ணுக்கு இவன் அண்ணன்தானே? அதைவிடப் பெரிய முறை எது? இவன் வரணும்னு சொல்லு."

நான் சொன்னேன். முடியாது என்று அவர் வாய் சொல்லத் தொடங்கியது. மாக்சிக் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையை நான் வெங்காயக் கத்தியோடு சேர்த்தே பார்த்தவள். எஞ்சினியர் இதற்கு முன் பார்த்ததில்லை.

"செருப்பு போடலாமா?" என்று கேட்டார் கடைசியில்.

"கூடாது."

"எங்கள் ஊரிலும் வெறுங்காலோடு மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்," என்று பெருமூச்சு விட்டார். "எங்கள் பாதிரியாரிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்."

திருவிழாவன்று காஜா பெராங் தெருவில் நடந்ததை அப்பா கடைசிவரை மறக்கவும் இல்லை, பேசவும் இல்லை. எஞ்சினியர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பால்குடத்தைத் தூக்கி மாக்சிக்கின் தலையில் வைத்தார். பாலம் கட்டுகிறவர் அல்லவா, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு குடத்தின் பின்னாலேயே நடந்தார். தாரில் கால் சுட்டு ஒவ்வோர் அடிக்கும் கொக்கு மாதிரி தூக்கித் தூக்கி வைத்தார். அவருக்குப் பின்னால் என் அப்பா, ஒரு கையில் துரையின் சப்பாத்து, மறு கையில் துரைக்குக் குடை. கூட்டத்தில் ஆபீஸ் ஆட்கள் பாதிப்பேர் இருந்தார்கள்.

"அலமாரி வாங்கினப்ப மரியாதை வரும்னீங்களே," என்று அம்மா அவர் காதருகே சொன்னார். "வந்துருச்சு."

கோவிலில் பால் ஊற்றியதும் எஞ்சினியரின் நெற்றியிலும் திருநீறு பூசினார்கள். மாக்சிக் கொஞ்சம் திருநீற்றை எடுத்து, அவருடைய புகையிலை டப்பியைக் கேட்டு வாங்கி, புகையிலையை வெளியே தட்டிவிட்டு, அதில் போட்டு மூடிக் கொடுத்தார்.

"இதை அவன் நெத்தியில பூசணும். இவன் கையாலதான் பூசணும். தபால்ல அனுப்பினா செல்லாது. பூசின சேதி வந்தாதான் நேர்த்தி முடிஞ்சதா கணக்கு. அதுவரைக்கும் எனக்கு மீன் இல்லை."

இதைக் கேட்டதும் இரண்டு ஆண்பிள்ளைகளின் முகம் ஒரே நேரத்தில் வெளுத்தது. ஒருவர் எஞ்சினியர். மற்றவர் கூட்டத்தில் ஓரமாக நின்றிருந்த பாக்சிக்.

பாலம் முடிந்து எஞ்சினியர் கப்பலேறினார். ஆகஸ்டு முடிவில் சுதந்திரம் வந்தது. ஜாலான் பெண்டஹாரா கடைகளெல்லாம் தோரணம் கட்டின, எங்கள் தெருவில் பெரிய விருந்து. ஆட்டுக்கறியும் மீனுமாக ஊரே தின்றது. மாக்சிக் வெள்ளரிக்காய் ஆச்சார் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறுஞ்சோறு சாப்பிட்டார். மனைவி சாப்பிடாத மீனைத் தான் மட்டும் தின்ன பாக்சிக்குத் தைரியம் வரவில்லை. நாடு விடுதலை அடைந்தது, பாக்சிக் அடையவில்லை.

"அந்த ஆள் போய்ப் பூசுவான்னு நினைக்கிறீங்களா?" என்று ஒரு நாள் மாக்சிக்கைக் கேட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை. கோபத்தைக் கப்பலேற்றி இத்தனை தூரம் கொண்டுவந்த மனிதர், திரும்பும்போது டப்பியைக் கடலில் போட்டுவிட எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரியலை," என்றார். "இதுவும் தெரியாமலே போயிடுமோ, நோங்?"

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் வாசலுக்கு ஓடுவேன். எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்த தாள்கூட அப்படி ஓடிப்போய் வாங்கியதுதான். பிரித்துப் பார்த்து, ஐரிஷ் தபால்தலை இல்லை என்று ஏமாந்துபோனேன்.

மழைக்காலம் பாதி போனபின் ஒரு கெட்டி உறை வந்தது, அப்பா பெயருக்கு. உள்ளே ஒரு புகைப்படம் மட்டும். ஒரு ரொட்டிக் கடை வாசல். நெட்டையாக எஞ்சினியர், பக்கத்தில் தொப்பையோடு ஒரு வழுக்கைத் தலையர், வழுக்கையில் குறுக்கே ஒரு பழைய தழும்பு. இரண்டு பேரும் இப்போதுதான் சண்டையை நிறுத்திவிட்டு, படம் எடுத்ததும் மறுபடி தொடங்கப் போகிறவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நெற்றியிலும் வெள்ளையாகத் திருநீறு. பின்புறம் மையில், "அது கோல்," என்று எழுதியிருந்தது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், "இல்லை."

வேலியைச் சுற்றிப் போகப் பொறுமையில்லை, தாண்டியே போனேன். மாக்சிக் ஈரக்கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எஞ்சினியரைப் பார்க்கவே இல்லை. தொப்பைக்காரரின் நெற்றியைக் கண்ணுக்கு மிக அருகே வைத்துப் பார்த்தார்.

"கோணலா பூசியிருக்கான்," என்றார். பிறகு, "பரவாயில்லை, பூசிட்டான்."

தழும்பின்மேல் ஒரு விரலை வைத்துத் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு முடிஞ்சுது," என்றார்.

இன்னொன்று எது என்று எனக்குத் தெரியும். கிழிந்த பச்சைப் புத்தகத்தின் கடைசியில், கரையான் தின்ற இடத்தில் இன்றைக்கும் அந்தப் படம்தான் இருக்கிறது. முழுப் புத்தகம் ஒன்று எங்காவது கிடைக்கும், வாங்கித் தருகிறோம் என்று சொன்னவர்களிடம் வேண்டாம் என்றுவிட்டேன்.

மாக்சிக் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட ஆள் இல்லை. பாக்சிக் பாசார் கூடையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார்.